ஒரே கோப்பில் மூன்று பெயர்கள்: டிமென்ஷியாவின் வகையை எப்படிக் கண்டறிகிறார்கள்?

உங்கள் தாயாருக்கு 72 வயது. எட்டு மாதங்களுக்குள் மூன்று மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். முதலாமவர் 'டிமென்ஷியா' என்று மட்டும் எழுதியிருக்கிறார், இரண்டாமவர் 'அல்சைமர் நோயாக இருக்கக்கூடும்' என்கிறார், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மூன்றாமவர் 'இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா' என்று முடித்துவிட்டார். இவற்றுள் எதை நம்புவது, இந்த வகைகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. நேரில் பார்க்காத ஒருவரின் நோய்க்கு நான் பெயர் சூட்ட முடியாது. ஆனால் அந்த மூன்று பெயர்களும் எங்கிருந்து வருகின்றன என்று விளக்கினால், அடுத்த முறை மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில், இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுத்தே தீர வேண்டும் என்பதில்லை. அவை வெவ்வேறு படிகளில் நிற்கும் பெயர்கள். 'டிமென்ஷியா' என்பது, 'இரத்தசோகை' என்பதைப் போல, ஒரு நிலையைக் குறிக்கும் சொல்; அறிவாற்றல் இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இரத்தசோகை என்று பரிசோதனையில் தெரிந்ததும் எந்த மருத்துவரும் அத்துடன் நிற்பதில்லை. இரும்புச்சத்துக் குறைவா, பி12 குறைவா, குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று தேடத் தொடங்குவார். மூளை விஷயத்தில் மட்டும் பலர் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். வயதானவர், மறதி, அதற்கு இதுதான் பெயர், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் படி, மூளையின் எந்தப் பகுதியின் வேலை முதலில் கெட்டது என்று கேட்பது: நினைவா, மொழியா, நடத்தையா, பார்ப்பதைப் புரிந்துகொள்வதா, சிந்தனை வேகமா? மூன்றாம் படி, அந்தப் பகுதியைக் கெடுத்தது எது என்று கேட்பது: அமிலாய்டு, டாவ், ஆல்ஃபா சைனுக்ளின், டிடிபி-43 ஆகிய புரதங்களுள் எது அங்கே படிந்திருக்கிறது, அல்லது இரத்தம் போகாமல் திசு அழிந்திருக்கிறதா? குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு படிகளுக்கு இடையில்தான் பிறக்கிறது. ஒரே புரதப் படிவு ஒருவருக்கு மறதியாகவும், இன்னொருவருக்குப் பேச்சுத் தடுமாற்றமாகவும், மூன்றாமவருக்குப் பார்வைக் கோளாறாகவும் வெளிப்படலாம். மறுபக்கம், ஒரே மாதிரியான நடத்தை மாற்றத்துக்கு அடியில் இரு வேறு புரதங்கள் இருக்கலாம்.

ஒருவருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று சொல்ல இரண்டு விஷயங்கள் உறுதியாக வேண்டும். அவருடைய முந்தைய நிலையிலிருந்து அறிவாற்றல் இறங்கியிருக்க வேண்டும். அந்த இறக்கம் அன்றாட வாழ்வில் பிறரைச் சார்ந்திருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் வரவுசெலவு எழுதியவர் இப்போது ஒரே கட்டணத்தை இரண்டு முறை செலுத்துகிறார், காலை மாத்திரையை மறுபடி மதியம் விழுங்குகிறார் என்றால் அது இறக்கம். எப்போதும் கணக்கில் பின்தங்கியிருந்தவர் இன்றும் பின்தங்கியிருப்பது நோயாகாது. அறிவாற்றல் தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தும் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்பவருக்கு இருப்பது லேசான அறிவாற்றல் குறைபாடு. மறதிக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு வரும் இத்தகையோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதத்தினர் டிமென்ஷியா நிலைக்குச் செல்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 'டிமென்ஷியா' என்ற சொல்லுக்குப் பதிலாக 'பெரும் நரம்பறிவாற்றல் கோளாறு' என்பதை முன்வைத்தது. சொல்லிலிருந்த இழிவை நீக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் நடைமுறையில் அந்த நீண்ட பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

வகை பிரிப்பதற்கு முன், டிமென்ஷியாவைப் போலத் தோற்றமளிக்கும் வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு நாட்களாக இடம் காலம் தெரியாமல் பேசுகிறார் என்றால், அது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் உடலில்தான் இருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பது கவனம். ஆண்டின் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர் மெதுவாகவேனும் சொல்லிவிடுவார். திடீர்க் குழப்பத்தில் இருப்பவர் டிசம்பர், நவம்பர் என்று தொடங்கி, ஜன்னலைப் பார்த்து, கேள்வியையே விட்டுவிடுவார்.

மருந்துச் சீட்டையும் முழுதாகப் படிக்க வேண்டும். அசிடைல்கோலின் என்னும் நரம்பு வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள், அதாவது சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின், பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்ஃபெனிரமின் போன்றவை, முதியவர்களின் நினைவைக் கண்கூடாக மங்கச் செய்யும். இரண்டு, மூன்று மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போகிறவரிடம் இவை இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு மருத்துவரும் தாம் எழுதியதை மட்டுமே அறிந்திருப்பார். சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு பி12 குறையக்கூடும். தைராய்டு சுரப்புக் குறைவு, சில வாரங்களுக்கு முன் தலையில் பட்ட சிறிய அடிக்குப் பின் மூளையுறைக்கு அடியில் மெல்லத் தேங்கிய இரத்தம், நீண்டகால மதுப்பழக்கத்தால் வரும் தயமின் (வைட்டமின் பி1) குறைவு, சிஃபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. காது மந்தமானவருக்குக் கேள்வியே சரியாக விழாமல், பதில் தெரியவில்லை என்று மதிப்பெண் போட்ட அறிக்கைகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

மனச்சோர்வு தனியாகச் சொல்லத் தக்கது. மனச்சோர்வால் மறதி வந்தவர் தாமாகவே மருத்துவரிடம் வந்து, மறந்தவை அனைத்தையும் தேதிவாரியாக ஒப்பிப்பார். கேள்வி கேட்டால் முயலாமலே 'தெரியவில்லை' என்பார். அல்சைமர் உள்ளவரை வீட்டார் அழைத்து வருவார்கள். அவர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்பார். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டவுடன் தலையைத் திருப்பி அருகில் இருக்கும் மனைவியையோ மகளையோ பார்ப்பார். அந்தத் தலைத் திருப்பலுக்கு மருத்துவ நூல்களிலேயே பெயர் உண்டு. என் அனுபவத்தில் பத்து நிமிடத் தேர்வைவிட அது சில நேரம் அதிகம் சொல்லிவிடுகிறது. ஆயினும் முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வே டிமென்ஷியாவின் முன்னோடியாகவும் இருக்கக்கூடும் என்பதால், மனச்சோர்வு தீர்ந்த பிறகும் அவரைத் தொடர்ந்து பார்த்து வர வேண்டும்.

இனி வகைகள். இங்கே எல்லாவற்றையும்விட மதிப்புள்ள கேள்வி ஒன்று உண்டு: முதலில் எது போயிற்று? நோய் முற்றிய நிலையில் எல்லா வகைகளும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். பேச்சும் போய், நினைவும் போய், நடையும் போயிருக்கும். வேறுபாடு தொடக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் தொடக்கம் எந்தப் படத்திலும் பதிவாவதில்லை; உடன் வாழ்பவரின் நினைவில்தான் இருக்கிறது. அதனால் நல்ல மருத்துவர் நோயாளியிடம் செலவிடும் நேரத்துக்கு நிகராக வீட்டாரிடமும் தனியே பேசுவார்.

அல்சைமரில் முதலில் போவது பெரும்பாலும் அண்மை நினைவு. பழைய கதைகளைத் துல்லியமாகச் சொல்பவர், காலையில் வந்துபோன விருந்தினரை மறந்திருப்பார். ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் நான்கு முறை கேட்பார். இந்த மறதியின் தன்மையை எளிதாகச் சோதிக்கலாம். மூக்கு, பருத்தி, பள்ளி, தாமரை, நீலம் என்று ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து, வேறு பேச்சுக்குப் போய், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கிறோம். நான்காவது சொல் வரவில்லை. 'அது ஒரு மலர்' என்று குறிப்புத் தருகிறோம். 'தாமரை' என்று உடனே வந்தால், அந்தச் சொல் மூளையில் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தாமதம் என்று பொருள். இரத்தக்குழாய் சார்ந்த வகையிலும் மனச்சோர்விலும் இது வழக்கம். குறிப்புத் தந்தும் வராமல், 'ரோஜாவா, மல்லிகையா, தாமரையா' என்று கேட்டும் 'ரோஜா' என்று சொன்னால், அல்லது 'நீங்கள் எனக்குச் சொற்கள் எதையும் சொல்லவில்லையே' என்றால், அது பதியவே இல்லை. பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி பழுதுபட்டதன் அடையாளம் இது. உங்கள் தாயாரின் அறிக்கையில் மொத்த மதிப்பெண் மட்டும் இருக்கிறதா, இந்தக் குறிப்பு நிலையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நோயின் பெயருக்குப் பின்னாலிருக்கும் கதை, உங்கள் கோப்பில் உள்ள மூன்றாவது பெயரையும் ஓரளவு விளக்கும். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1901இல் ஃபிராங்ஃபர்ட்டில் கண்ட நோயாளிக்கு வயது 51தான். 1906இல் அவர் இறந்த பின், அவருடைய மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டு அல்சைமர் அறிவித்தார். 1910இல் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் தம் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அல்சைமர் என்பது நடுத்தர வயதினருக்கு வரும் அரிய நோய் என்றும், முதியவர்களின் மறதிக்கு இரத்தக்குழாய் தடிப்பதே காரணம் என்றும் கருதினார்கள். 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மருத்துவர்கள் இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றிலும் பெரும்பாலும் அதே படிவுகள்தான் என்று காட்டிய பிறகே அந்தக் கருத்து கவிழ்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய மதிப்பீட்டில் டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர்தான். இருந்தும், படத்தில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டவுடன் இரத்தக்குழாய் என்று சொல்லும் பழைய பழக்கம் முற்றிலும் மறையவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் அப்படித் தெரியும் வெண்பொருள் மாற்றங்கள், அதாவது மூளையின் உள்ளே நரம்பிழைகள் செல்லும் பகுதியில் காணும் மாற்றங்கள், எழுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரளவேனும் இருக்கும். அவற்றை 0 முதல் 3 வரை தரப்படுத்தும் ஃபாசெகாஸ் அளவுகோல் ஒன்று உண்டு. தரம் 1 என்பது அந்த வயதில் நரைமுடி போன்றதுதான். அதை மட்டும் வைத்து இரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா என்று எழுதுவது, என் கருத்தில், சரியன்று. அந்தப் பெயருக்குத் தேவையானவை வேறு. பக்கவாதத்துக்குப் பின் சில மாதங்களுக்குள் அறிவாற்றல் இறங்கியிருக்க வேண்டும். அல்லது படிக்கட்டில் இறங்குவதுபோல், ஒரு நிலையில் நின்று, திடீரென்று ஒரு படி கீழே போய், மறுபடி நின்று என்று நோய் நகர்ந்திருக்க வேண்டும். அல்லது வெண்பொருள் மாற்றம் ஒன்றோடொன்று கலந்து பரந்திருக்கும் தரம் 3இல், சிந்தனை மந்தமாகி, திட்டமிடல் கெட்டு, குறுகிய அடிவைத்த நடையும் சிறுநீர் அவசரமும் சேர்ந்திருக்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் ஹச்சின்ஸ்கி 1975இல் வகுத்த மதிப்பெண் முறை, திடீர்த் தொடக்கம், படிப்படியான இறக்கம், முந்தைய பக்கவாதம் போன்றவற்றை எண்ணுகிறது: 7 அல்லது அதற்கு மேல் போனால் இரத்தக்குழாய்ப் பக்கம், 4க்குள் இருந்தால் அல்சைமர் போன்ற நரம்பணுச் சிதைவுப் பக்கம். இடமும் முக்கியம். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்னும் சந்திப்பில் சிறிய அடைப்பு ஒன்று ஏற்பட்டாலே ஒரே நாளில் ஒருவர் ஆள் மாறியதுபோல் ஆகிவிடுவார். அதைவிடப் பெரிய அடைப்பு வேறிடத்தில் சத்தமின்றிக் கிடக்கும்.

அடுத்து, அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று: லூயி உடலங்கள் கொண்ட டிமென்ஷியா. ஃபிரிட்ஸ் ஹைன்ரிக் லூயி 1912இல் பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் கண்ட உருண்டைகளே இந்த உடலங்கள். அவை மூளைப் புறணியெங்கும் பரவி டிமென்ஷியாவை உண்டாக்குவதை ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா 1976இல் விவரித்தார். இதற்கு நான்கு மைய அறிகுறிகள் உண்டு. விழிப்பும் கவனமும் நாளுக்கு நாள், சில நேரம் மணிக்கு மணி, ஏறியிறங்குவது முதலாவது. காலையில் செய்தித்தாளைப் பற்றி விவாதித்தவர் மாலையில் வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருப்பார், வீட்டார் அதை நடிப்பு என்று நினைத்துக் கோபப்படுவதும் உண்டு. தெளிவான மாயக்காட்சிகள் இரண்டாவது. கூடத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள், கட்டிலடியில் நாய் படுத்திருக்கிறது என்று, பெரும்பாலும் அச்சமின்றியே, விவரமாகச் சொல்வார். கனவை உடலால் நடிக்கும் தூக்கக் கோளாறு மூன்றாவது. பார்க்கின்சன் நோயில் காண்பது போன்ற விறைப்பும் மந்தமும் நான்காவது. டிமென்ஷியாவோடு இவற்றுள் இரண்டு இருந்தாலே இந்த நோயாக இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்று 2017ஆம் ஆண்டின் சர்வதேச ஒருமித்த வரையறை சொல்கிறது.

மூன்றாவது அறிகுறி மற்றவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடக்கூடும். கனவு காணும் வேளையில் உடல் தசைகள் தளர்ந்திருப்பதே இயல்பு. அந்தத் தளர்ச்சி இல்லாமல் போவதால், கனவில் யாரையோ துரத்துபவர் கட்டிலில் உதைக்கிறார், கத்துகிறார், அருகில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிறார். பத்தாண்டுகளுக்கு முன்பே படுக்கையைத் தனித்தனியாக்கிக்கொண்ட தம்பதியர், மருத்துவர் கேட்டால்தான் அதைச் சொல்வார்கள். மறதிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்த வகையைப் பிரித்தறிவது பெயருக்காக அல்ல, பாதுகாப்புக்காக. மாயக்காட்சியைக் கண்டு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால், இவர்களில் கணிசமானோருக்கு உடல் விறைத்து, விழுங்க முடியாமல், உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சிக் காலத்தில் நான் அப்படி ஒரு முதியவரைப் பார்த்தேன். இரவில் அமைதிப்படுத்துவதற்காக எழுதப்பட்ட ஒரே ஊசி, நடந்து வந்தவரை நான்கு நாட்கள் கட்டிலோடு கிடத்தியது. இரவுத் தூக்கத்தைப் பற்றி அவருடைய மனைவியிடம் நானும் முதல் நாளில் கேட்டிருக்கவில்லை. அல்சைமருக்குத் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்துகளோ அல்சைமர் உள்ளவர்களைவிட இவர்களுக்குச் சில நேரம் கூடுதலாகவே பலன் தருகின்றன. பார்க்கின்சன் நோய் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாகி டிமென்ஷியா வந்தால் அதற்குப் பார்க்கின்சன் டிமென்ஷியா என்று பெயர். டிமென்ஷியா முன்னதாகவோ ஓராண்டுக்குள்ளோ வந்தால் லூயி உடல டிமென்ஷியா. அடியில் இருப்பது ஒரே புரதம் என்பதால், இந்த ஓராண்டுக் கோடு இயற்கை போட்டதல்ல, நாம் போட்டுக்கொண்டது.

மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்கும் நெற்றி-பொட்டு மடல் டிமென்ஷியாவில் நினைவு தொடக்கத்தில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மாறுவது மனிதர். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் இதில், கட்டுப்பாடு தளர்வது, அக்கறையின்மை, பிறர் துயரம் உறைக்காமல் போவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, இனிப்பை அள்ளி உண்பது போன்ற உணவுமாற்றம், திட்டமிடல் கெடுவது ஆகிய ஆறில் மூன்று இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு வரையறை. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும் நாளில் பக்கத்து அறையில் உரக்கச் சிரித்தபடி தொலைக்காட்சி பார்ப்பவரை எவரும் மூளை நோயாளி என்று எண்ணுவதில்லை. கல்நெஞ்சர் என்றுதான் எண்ணுவார்கள். இவர்கள் முதலில் மனநல மருத்துவரிடமோ குடும்ப நீதிமன்றத்துக்கோ போய்விட்டு, ஆண்டுகள் கழித்து நரம்பியலுக்கு வருகிறார்கள். வழக்கமான 30 மதிப்பெண் தேர்வில் 28 கூட வாங்கிவிடுவார்கள் என்பதால் அந்தத் தேர்வு இங்கே உதவாது. அல்சைமருக்கான டோனெபெசில் வகை மருந்துகள் இவர்களுக்குப் பயனளிப்பதில்லை. நடத்தையை மோசமாக்கவும் கூடும்.

இதே குடும்பத்தில் மொழியை முதலில் தாக்கும் வடிவங்கள் உள்ளன. ஒன்றில் பேச்சு தடுமாறி, இலக்கணம் உதிர்ந்து, ஒவ்வொரு சொல்லும் முயற்சியாகிறது. இன்னொன்றில் பேச்சு சரளமாக ஓடும், ஆனால் சொற்களின் பொருள் கரைந்துபோகும். 'கத்தரிக்கோலை எடுங்கள்' என்றால், 'கத்தரிக்கோல் என்றால் என்ன?' என்று உண்மையாகவே கேட்பார். மூன்றாவதான, வாக்கியத்தின் நடுவே சொல்லைத் தேடித்தேடி நிற்கும் வடிவம், தோற்றத்தில் இவற்றின் உடன்பிறப்பாக இருந்தாலும் அடியில் பெரும்பாலும் அல்சைமர் படிவையே கொண்டிருக்கிறது. மூன்று படிகள் என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடியை மூன்று முறை மாற்றியும் 'சரியாகத் தெரியவில்லை' என்பவருக்கு, கண் நன்றாக இருந்து, மூளையின் பின்பகுதி சுருங்கியிருக்கலாம். இதுவும் பெரும்பாலும் அல்சைமரின் ஒரு முகமே. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீர் கட்டுப்பாடின்மை, மந்தம் மூன்றும் சேர்ந்து, படத்தில் மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் விரிந்திருந்தால் இயல்பழுத்த நீர்த்தலை நோயை நினைக்க வேண்டும். தண்டுவடத்திலிருந்து 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னால் நடை சீராகிறதா என்று பார்ப்பார்கள், சீரானால் குழாய் பொருத்தும் அறுவைச் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் விரைந்து இறங்கும் டிமென்ஷியா ஓர் அவசரநிலை: குணப்படுத்த முடியாத கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயாக இருக்கலாம், ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவதால் வரும், சிகிச்சைக்கு நன்கு பணியும் தன்னெதிர்ப்பு மூளையழற்சியாகவும் இருக்கலாம் என்பதால் காத்திருக்கக் கூடாது. எண்பதைக் கடந்தவர்களில் அல்சைமரை அச்சாகப் போலி செய்யும், டிடிபி-43 புரதத்தால் வரும் ஒரு நிலைக்கு 2019இல்தான் தனிப்பெயர் கிடைத்தது.

சோதனைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. அறிவாற்றலை அளக்கும் தேர்வுகளில் 1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ.யும் 2005இல் வந்த மோகாவும் பரவலானவை. இரண்டும் 30 மதிப்பெண். இவை கல்வியை மிகவும் சார்ந்தவை. பள்ளி செல்லாத ஒருவரின் 22ஐயும் பேராசிரியர் ஒருவரின் 27ஐயும் அருகருகே வைத்தால், கவலைக்குரியது பின்னதாகவே இருக்கலாம். மதிப்பெண்ணைவிடத் தவறு எப்படி நேர்ந்தது என்பதே எனக்குப் பயன்படுகிறது. கடிகாரம் வரைந்து பதினொன்று மணி பத்து நிமிடத்தைக் காட்டச் சொல்கிறோம். பெரிய முள் 2இல் நிற்க வேண்டும். ஆனால் 'பத்து' என்ற சொல் இழுத்த இழுப்பில் சிலர் அதை 10இல் வைத்துவிடுவார்கள். எண்கள் சரியான இடத்தில் இருந்தும் முள் அங்கே போனால், சொல்லின் ஈர்ப்பை அடக்கிச் சிந்திக்கும் நெற்றிமடல் தளர்ந்திருக்கிறது. எண்களெல்லாம் வட்டத்தின் வலப்பக்கமே குவிந்து கிடந்தால் கோளாறு இடத்தை உணரும் பகுதியில். அறிக்கையில் விழும் மதிப்பெண் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

எம்.ஆர்.ஐ.யின் முதல் வேலை கட்டி, இரத்தக்கசிவு, நீர்த்தேக்கம் ஆகியவற்றை விலக்குவது; இரண்டாவது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று காட்டுவது. ஹிப்போகாம்பஸ் சுருக்கம் அல்சைமரை நோக்கிக் கைகாட்டும். லூயி வகையில் அது ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கும். நெற்றி மடலும் பொட்டு மடலும், சில நேரம் ஒருபக்கம் கூடுதலாக, சுருங்கியிருந்தால் நெற்றி-பொட்டு மடல் வகை. படம் தெளிவு தராதபோது குளுக்கோஸ் பெட் ஸ்கேன், எந்தப் பகுதி சக்தியைக் குறைவாகப் பயன்படுத்துகிறது என்று காட்டும். லூயி வகையில் ஐயம் இருந்தால் டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருளின் கடத்திகளைக் காட்டும் ஸ்கேன் உதவும்.

புரதத்தையே தேடும் சோதனைகள் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தவை. தண்டுவட நீரில் அமிலாய்டு-42 குறைந்தும் டாவ் உயர்ந்தும் இருந்தால் அல்சைமர்; மூளையில் அமிலாய்டு படிந்து சிக்கிக்கொள்வதால்தான் நீருக்கு வந்துசேரும் அளவு குறைகிறது. அமிலாய்டு பெட் ஸ்கேன் படிவை நேரடியாகவே காட்டும். இப்போது இரத்தத்தில் டாவ் புரதத்தின் ஒரு வடிவத்தை அளக்கும் பி-டாவ்217 என்னும் அளவீடும் வந்துவிட்டது. இதைச் சார்ந்த இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. அறிவாற்றலில் குறையே இல்லாதவர்களில் 50 வயதில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கும், 90 வயதில் 44 சதவீதத்தினருக்கும் அமிலாய்டு படிந்திருக்கிறது என்று 2015இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே முதியவர் ஒருவரிடம் அமிலாய்டு இருப்பது, அவருடைய மறதிக்கு அதுதான் காரணம் என்று நிறுவுவதாகாது. இல்லை என்று வரும் முடிவுதான் அல்சைமரை விலக்க உறுதியாக உதவும். 2024இல் அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் பணிக்குழு, அறிகுறி இல்லாவிட்டாலும் உயிரியல் சான்று இருந்தாலே அல்சைமர் நோய் என்று வரையறுத்தது. அதே ஆண்டில் இன்னொரு சர்வதேசப் பணிக்குழு, அறிகுறியற்றவரை நோயாளி என்று அழைக்கக் கூடாது, அவர் ஆபத்துள்ளவர் மட்டுமே என்று மறுத்தது. எனக்கு இரண்டாம் தரப்பே ஏற்புடையதாக இருக்கிறது; வாழ்நாள் முழுவதும் வராமலே போகக்கூடிய ஒரு நோயின் பெயரை நலமாக இருப்பவர் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் முதியவர்களுக்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று கேட்கலாம். முன்பு அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2023இல் லெகனெமாபும் 2024இல் டோனனெமாபும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற பின் நிலைமை மாறியிருக்கிறது. அமிலாய்டை அகற்றும் இம்மருந்துகள் நோயின் வேகத்தை ஓரளவே குறைக்கின்றன. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே, அமிலாய்டு உறுதியான பிறகே தரப்படுகின்றன. மூளை வீக்கமும் மூளைக்குள் இரத்தக்கசிவும் இவற்றின் பக்கவிளைவுகள் என்பதால், படத்தில் நுண்கசிவுகள் நான்குக்கு மேல் உள்ளவர்களை வழக்கமாகத் தவிர்ப்பார்கள். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணுவின் இரண்டு நகல்கள் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கவிளைவுகளின் ஆபத்து கூடுதல்.

உங்கள் தாயாரின் விஷயத்துக்கு வருகிறேன். இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்த ஆய்வுகளில், டிமென்ஷியாவோடு இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்மாற்றங்கள் இருந்தன. 72 வயதில் அல்சைமரும் இரத்தக்குழாய்ப் பாதிப்பும் சேர்ந்திருப்பது வியப்பன்று. இரண்டாமவரும் மூன்றாமவரும் ஒரே மூளையின் இரு பக்கங்களைச் சொல்லியிருக்கலாம். அந்நிலையில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, டோனெபெசில் போன்றதை முயன்று பார்ப்பது என்று இரண்டுமே சிகிச்சையில் இடம்பெறும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அடைப்பு எந்த இடத்தில், வெண்பொருள் மாற்றம் எந்தத் தரம், ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறதா, நுண்கசிவுகள் உண்டா என்ற நான்கையும் கேளுங்கள்; இல்லையென்றால் படத்தை மீண்டும் படிக்கச் சொல்லலாம். பி12, தைராய்டு, சோடியம் பார்க்கப்பட்டனவா என்று சரிபாருங்கள். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் சீட்டில்லாமல் வாங்குவதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு தாளில் அரைப் பக்கத்துக்கு எழுதுங்கள்: முதலில் கவனித்த மாற்றம் எது, எந்த ஆண்டு, அதன்பின் எது, திடீரென்றா மெல்லமெல்லவா. உங்கள் நினைவும் உங்கள் உடன்பிறந்தவரின் நினைவும் ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தேர்வை மீண்டும் செய்யும்போது அந்தத் தாளும் மருத்துவரின் மேசையில் இருக்கட்டும். அதில் இரவுத் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும். அதை உங்கள் தாயாரிடம் கேட்டுப் பயனில்லை, அவருடைய அறையில் படுப்பவரிடம் கேளுங்கள்.